கழுவினாலும் போகாத பூச்சி மருந்து

பூச்சிக்கொல்லிகளில் சில இலையின் மேல் படிந்து, தம்மைத் தொடும் பூச்சியைக் கொல்கின்றன. வேறு சில, வேர், இலை அல்லது தண்டு வழியாகச் செடிக்குள் புகுந்து சாற்றோடு பரவுகின்றன. இவற்றை ‘ஊடுருவிப் பாயும் பூச்சிக்கொல்லி’ என்பார்கள். இமிடாகுளோபிரிட், அசிபேட் ஆகியவை இவ்வகை.

மிளகாய், கத்தரி, வெண்டைச் செடிகளில் இலைக்கு அடியில் ஒளிந்து சாறு உறிஞ்சும் அசுவினி, வெள்ளை ஈ, தத்துப்பூச்சி ஆகியவற்றின் மீது மருந்து படாவிட்டாலும், சாற்றைக் குடித்ததும் அவை மடியும். செம்பனை ஓலையைத் தின்னும் ‘உலாட் புங்குஸ்’ புழுவை ஒழிக்க, மரத்தில் துளையிட்டு இத்தகைய மருந்தைச் செலுத்துவதும் உண்டு.

உள்ளே சென்ற மருந்தை மழை கரைக்காது. அதுபோலவே, காய்க்குள் இருப்பதை நாம் கழுவியும் நீக்க முடியாது. செடிக்குள் அது சிதையும்வரை காத்திருக்க வேண்டும். எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது மருந்துக்கும் பயிருக்கும் ஏற்ப மாறும், லேபிளில் பாருங்கள். அங்கே குறிப்பிடாத பயிருக்கு அம்மருந்து வேண்டாம். பூச்செடிக்கு வாங்கியதைக் கறிவேப்பிலைக்கு ஊற்றாதீர்கள். லேபிள் இல்லாத போத்தலில் வாங்கவும் வேண்டாம்.

மருந்து மகரந்தத்திலும் தேனிலும் சேர்ந்து தேனீக்களைப் பாதிக்கும். இதனால் 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோபிரிட் உட்பட மூன்று மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. பூக்கும் காலத்தில் தெளிப்பதைத் தவிர்ப்பது நல்லது.