சொத்து இசைவுப் பத்திரம் (ஒளிப்படத் துறை)

ஒரு கட்டடமோ வீட்டின் உள்ளறையோ கலைப்படைப்போ வளர்ப்பு விலங்கோ இடம்பெறும் ஒளிப்படத்தை விளம்பரத்துக்கும் பிற வணிகத் தேவைகளுக்கும் பயன்படுத்த, அதன் உரிமையாளர் எழுத்தில் தரும் சம்மதமே சொத்து இசைவுப் பத்திரம். ஒளிப்படக்காரர்கள் இதைப் ‘பிராப்பர்ட்டி ரிலீஸ்’ என்பார்கள். படத்தில் தெரியும் மனிதர் கையெழுத்திடும் ‘மாடல் ரிலீஸ்’ வேறு பத்திரம். வீட்டுக்காரரை அவருடைய கூடத்திலேயே உட்கார வைத்து எடுத்த படத்துக்கு இரண்டும் தேவைப்படலாம்.

கெட்டி இமேஜஸ், ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், அலாமி போன்ற ஸ்டாக் நிறுவனங்கள் ஒரே படத்தைப் பலருக்கு உரிமம் கொடுத்து விற்கின்றன. அந்தப் படம் நாளை வங்கி விளம்பரத்தில் வருமா, மருந்து அட்டையில் வருமா என்பது எடுத்தவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. அதனால்தான் சம்மதத்தை முன்கூட்டியே, பரந்த சொற்களில் வாங்கி வைக்கிறார்கள்.

பொது இடத்துக் கட்டடங்களைப் பொறுத்தவரை, பல நாடுகளில் இந்தப் பத்திரத்தைக் கேட்பது சட்டத்தைவிடச் சந்தைதான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு, கட்டடங்களையும் பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிற்பங்களையும் படமெடுத்து வெளியிடுவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அமெரிக்காவில் 1990-இல் வந்த கட்டடக்கலைப் பதிப்புரிமைச் சட்டமும் பொது இடத்திலிருந்து பார்வைக்குப் படும் கட்டடத்தைப் படமெடுக்க விடுகிறது. ஆனால் பதிப்புரிமை தடுக்காத இடத்தில் வணிகக் குறி வந்து நிற்கலாம். கிளீவ்லாந்தில் ஐ. எம். பெய் வடிவமைத்த ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம், தன் கட்டடத்தைச் சுவரொட்டியாக்கி விற்ற ஒளிப்படக்காரர் மீது வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் விற்பனைக்கு இடைக்காலத் தடை விதித்தது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. மும்பையின் தாஜ் மஹால் பேலஸ் ஓட்டல் 2017-இல் தன் கட்டடத் தோற்றத்தையே வணிகக் குறியாகப் பதிந்துகொண்டது. ஒளிப்படக்காரர் வென்றாலும் வழக்குக்கான செலவும் அலைச்சலும் அவருடையவைதான். இப்படிப்பட்ட சிக்கலை எந்த விளம்பர நிறுவனமும் காசு கொடுத்து வாங்காது.

கட்டடத்தின் உருவம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி மிகக் கூர்மையாக விவாதிக்கப்பட்ட நாடு பிரான்ஸ். நார்மண்டியில் பெகாசஸ் பாலத்தின் அருகே இருக்கும் கஃபே கோந்த்ரே, 1944 ஜூன் 6-ஆம் தேதி நேச நாட்டுப் படைகளால் பிரான்சில் முதலில் விடுவிக்கப்பட்ட வீடு என்று பெயர் பெற்றது. அதன் படம் அஞ்சலட்டைகளில் விற்கப்பட்டபோது உரிமையாளர் நீதிமன்றம் போனார். தன் சொத்தின் உருவத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தும் உரிமை உரிமையாளருக்கே உண்டு என்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. ஐந்தே ஆண்டுகளில் அதே மன்றம் நிலையை மாற்றிக்கொண்டது. ரூவான் நகரத்தின் பழைய மாளிகை ஒன்றின் முகப்பு, கட்டுமான நிறுவனத்தின் விளம்பரத் துண்டறிக்கையில் இடம்பெற்ற வழக்கில், சொத்தின் உருவத்தின் மேல் உரிமையாளருக்குத் தனியுரிமை கிடையாது, வழக்கத்துக்கு மாறான தொல்லை நேர்ந்தால் மட்டுமே தடுக்கலாம் என்று 2004-இல் சொன்னது. என் மதிப்பீட்டில் இரண்டாவது தீர்ப்பே நியாயமானது. தெருவைப் பார்த்து நிற்கும் சுவருக்கு விலை கேட்பது பொதுவெளியையே சுருக்கிவிடும். ஈஃபில் கோபுரத்தைப் பகலில் படமெடுக்கத் தடையில்லை. இரவு விளக்கலங்காரத்துக்கு மட்டும் அதன் நிர்வாகம் பதிப்புரிமை கோருகிறது.

ஜெர்மனியில் கேமரா நின்ற இடமே ஒரு வழக்கைத் தீர்மானித்தது. போட்ஸ்டாமின் சான்சூசி அரண்மனைத் தோட்டத்துக்குள் நின்று எடுத்த படங்களின் வணிகப் பயன்பாட்டை அதை நிர்வகிக்கும் அறக்கட்டளை கட்டுப்படுத்தலாம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஊர்க் கோயில்களிலும் அருங்காட்சியகங்களிலும் வாங்கும் கேமரா சீட்டையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அது உள்ளே படமெடுக்கத் தரும் அனுமதி. எடுத்த படத்தை விளம்பரத்துக்கு விற்கத் தரும் சம்மதமாக ஆகாது.

படிவத்தில் கேட்பவை குறைவு: சொத்தின் விவரமும் முகவரியும், உரிமையாளர் பெயர், கையெழுத்திடுபவருக்கு உள்ள அதிகாரம், படமெடுத்த நாள், எடுத்தவர் பெயர், கையெழுத்து. ‘பழைய வீடு’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த ஊர், எந்தத் தெரு, முகப்பா, முற்றமா என்பது தெரிய வேண்டும். தேதி படக்கோப்பில் பதிவாகியிருக்கும் தேதியோடு பொருந்த வேண்டும். சாட்சி கேட்கும் படிவங்களில் ஒளிப்படக்காரரோ உரிமையாளரோ சாட்சியாகக் கையெழுத்திடக் கூடாது. மூன்றாம் ஆள் வேண்டும். பல படிவங்களில் ‘பிரதிபலன் பெற்றுக்கொண்டேன்’ என்றொரு வரி உண்டு. பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம், சில விலக்குகள் தவிர, செல்லாது என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் (1872) விதி. ஆகவே சிறு தொகையோ அச்சிட்ட படங்களோ கொடுத்து அதைக் குறித்துக்கொள்வது நல்லது.

யார் கையெழுத்திடுகிறார் என்பதில்தான் பத்திரத்தின் உயிர் இருக்கிறது. காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளுக்குப் பங்காளிகள் பலர் இருப்பார்கள். சிலர் சென்னையில், சிலர் வெளிநாட்டில். சாவியோடு வந்து கதவைத் திறந்துவிடும் காவல்காரர் அன்பாகக் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. வாடகைக்குக் குடியிருப்பவரின் ஒப்புதலும் அப்படியே. பங்காளிகள் எல்லாரும், அல்லது எல்லாருக்காகவும் கையெழுத்திட எழுத்தில் அதிகாரம் பெற்ற ஒருவர் கையெழுத்திட வேண்டும். நிறுவனத்தின் சொத்தென்றால் கையெழுத்திடுபவர் பதவியைக் குறிப்பிட வேண்டும். குழந்தை வரைந்த ஓவியத்துக்குப் பெற்றோர் கையெழுத்திடுவார்கள். சொந்த வீட்டுக்கும், சொந்தமாக வரைந்த ஓவியத்துக்கும்கூடப் படமெடுத்தவர் தனக்கே பத்திரம் எழுதிக்கொள்ள வேண்டி வரும். பெரிய நிறுவனங்களின் படிவங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவற்றை வாசிக்க முடியாத உரிமையாளருக்கு ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, படம் எங்கே வேண்டுமானாலும் வரலாம் என்பதையும் விளக்கிய பிறகே பேனாவை நீட்ட வேண்டும். அது கையெழுத்தைவிட முக்கியமான கடமை.

வீட்டுக்காரரின் சம்மதம் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் தழுவாது. சுவரில் மாட்டிய ஓவியத்தை அவர் விலை கொடுத்து வாங்கியிருக்கலாம். பதிப்புரிமை பொதுவாக ஓவியரிடமே இருக்கும். அலமாரியில் தெரியும் புத்தக அட்டை, குளிர்பதனப் பெட்டியின் சின்னம் ஆகியவையும் இப்படித்தான். எடுக்கும்போதே அவற்றை அப்புறப்படுத்துவது எளிது. பிறகு கணினியில் அழிப்பது இரட்டை வேலை.

பத்திரம் கிடைக்காத படத்தை ‘எடிட்டோரியல்’ பிரிவில் தரலாம். செய்தி, கல்வி, விமர்சனம் போன்றவற்றுக்கு மட்டும் பயன்படும் பிரிவு அது. அங்கே இடமும் நாளும் கொண்ட உண்மையான விவரக் குறிப்பு வேண்டும். படத்திலிருந்து எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது.