நிலவாறா, கிடங்கூரா? மேக்கோங் கழிமுகத்தில் ஒரு மாகாணத்தின் பெயர்

தென் வியட்நாமில் மேக்கோங்கின் கிளையான ஹாவ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், அதன் தென்கரையில் இருந்த மாகாணம் சொக் திராங். வியட்நாமிய மொழியில் ‘திராங்’ என்றால் நிலா. 19-ஆம் நூற்றாண்டில், மின் மாங் பேரரசர் காலத்தில், முதற்சொல்லை ‘சொங்’ (ஆறு) என்று கொண்டு, ஊரின் பெயரைச் சீன எழுத்தில் ‘நுயெத் கியாங்’ என்று பெயர்த்தனர். நிலவாறு என்பது அதன் பொருள்.

இது பிழை என்பதைச் சொக் திராங்கிலேயே பிறந்த அறிஞர் வூவோங் ஹோங் சென் (1902–1996) தெளிவாக எடுத்துக்காட்டினார். கெமர் மொழியின் ‘ஸ்ரொக் க்லியாங்’ என்பதே மூலம். ஸ்ரொக் என்பது மக்கள் குடியிருக்கும் நிலம். க்லியாங் என்பது களஞ்சியம், கருவூலம். அரசனின் கருவூலம் அங்கே இருந்ததாகக் கெமர் மரபு சொல்கிறது. நகரின் பழைய பௌத்தக் கோயில் இன்றும் க்லியாங் என்றே வழங்குகிறது. இவ்வளவும் அறிந்த செய்திதான். பிழை ஏன் ஆற்றின் பக்கமாகச் சாய்ந்தது என்பதே இங்கு என் கேள்வி.

ஒலி மாற்றம் தற்செயலானது அன்று. சொல்முதலில் இரு மெய்கள் கூடிவரும் வழக்கை வியட்நாமிய மொழி இழந்துவிட்டது. 1651-இல் ரோமில் அச்சான அலெக்சாந்தர் தெ ரோடின் அகராதியில் நிலா என்னும் சொல் ‘ப்லாங்’ என்று இருக்கிறது. அதுவே பின்னர் ‘திராங்’ ஆயிற்று. அத்தகைய நாவுக்குக் கெமரின் ‘க்லியாங்’ இரண்டு வழிகளில்தான் வசப்படும்: ‘கா லாங்’ என்று பிரிய வேண்டும், அல்லது ‘திராங்’ என்று குறுக வேண்டும். குறுகிய வடிவம் நிலாவோடு ஒத்தொலித்தது. நிலா பெயருக்குள் நுழைந்த வழி இதுதான்.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். ஊரின் பெருவிழாவான ஊக் ஒம் பொக் நிலவை வணங்கும் கெமர் விழா அல்லவா? ஆனால் கெமர் மக்கள் அவ்வழிபாட்டில் நிலவைச் சுட்டும் சொல் ‘கே’. அவர்கள் நிலாவின் பெயரால் ஊரை அழைத்திருந்தால் அந்தச் சொல்லே எஞ்சியிருக்கும். கெமர் சொல்லோடு வியட்நாமிய நிலா ஒட்டிப் பிறந்த பெயர் என்பது ஏற்கத் தக்கதன்று.

நிலமும் இதையே சொல்கிறது. சொக் திராங் நகரம் ஹாவ் ஆற்றின் கரையில் இல்லை; உள்ளே தள்ளி இருக்கிறது. கழிமுகம் கடலை நோக்கி வளர்ந்தபோது பழைய கடற்கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிலத்துக்குள் சிக்கி, வில்லாய் வளைந்த மணல்மேடுகளாக நின்றுவிட்டன. உயரம் அதிகமில்லை. ஆனால் எங்கும் சமதளமான அந்நாட்டில் சில அடி உயரமே வீட்டுக்கும் கோயிலுக்கும் போதும். மணலில் இறங்கும் மழைநீர் நன்னீராகவும் நிற்கும். மேடுகளுக்கு இடையிலுள்ள தாழ்நிலத்திலோ கோடையில் கடலின் உப்பு ஏறிவரும். கெமர் ஊர்கள் மேடுகளை ஒட்டியே அமைந்தன. ‘ஸ்ரொக்’ மேட்டில் நின்றவர் வைத்த பெயர்.

அரசு வைத்த பெயர்களை இதனோடு ஒப்பிட வேண்டும். 1757-இல், சொக் திராங்கை உள்ளடக்கிய பா தாக் நிலம் வியட்நாமிய நுயென் பிரபுக்களின் கைக்கு வந்தது. 1835-இல் மின் மாங் அங்கே ஏற்படுத்திய ஆட்சிப் பிரிவு பா ஸுயென். ‘ஸுயென்’ என்றாலும் ஆறு. நுயெத் கியாங்கிலும் ஆறு. 1956-இல் சைகோன் அரசு மாகாணத்துக்கு மீண்டும் பா ஸுயென் என்றே பெயரிட்டது. 1976-இல் அது ஹாவ் கியாங் என்ற பெரு மாகாணத்துக்குள் சென்றது, அதுவும் ஆறே. அரசின் படையும் வரி நெல்லும் படகில் போயின. ஆற்றிலிருந்து நாட்டைப் பார்த்தவர் காதில் ‘ஸ்ரொக்’ ‘சொங்’ ஆனதில் வியப்பில்லை. பிரெஞ்சு ஆட்சி மட்டும் 1900-இல் இதை மாகாணமாக்கியபோது மக்கள் வாயில் வழங்கிய ஒலியையே எழுதிக்கொண்டது. மொழிபெயர்க்காததால் ‘சொக்’ தப்பியது.

ஆற்றுப் பெயருக்கு நேர்ந்த கதியையும் கருத வேண்டும். பா ஸுயெனுக்கு அடிப்படையான பா தாக் முகத்துவாரம் வண்டலால் தூர்ந்து போயிற்று. மேக்கோங்குக்கு ‘ஒன்பது நாகங்கள்’ என்ற பெயரைத் தந்த ஒன்பது வாய்களில் அதுவும் ஒன்று. வாய் அடைந்த பின்னும் எண்ணிக்கை மாறவில்லை. வரைபடத்தில் இன்று அதைத் தேடுபவருக்கு தின் ஆன், திரான் தே என்ற இரு முகங்களும் நடுவே குலாவ் சுங் தீவும்தான் தென்படும்.

1992-இல் மீண்ட சொக் திராங் மாகாணம் 2025 ஜூலை 1 அன்று கான் தோ மாநகரோடு இணைக்கப்பட்டது. மாகாணம் மறைந்தாலும் பெயர் மறையவில்லை: ஹோ குவாங் குவா உருவாக்கி, 2019-இல் உலகின் சிறந்த அரிசி என்ற பரிசை வென்ற எஸ்டி 25 நெல்லில் ‘எஸ்டி’ என்பது சொக் திராங்கின் முதலெழுத்துகள். களஞ்சியத்தைக் குறித்த கெமர் சொல், அறிந்தோ அறியாமலோ, இப்போது அரிசி மூட்டைகளின் மேல் இருக்கிறது.