அம்பாசடர் தந்த மரியாதை, நானோவுக்குக் கிடைக்காதது

போன மாசம் கார் பார்க்க ஷோரூம் போனேன். 8 லட்சத்துக்குள்ள ஒரு வண்டி பிடிச்சிருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னா, பெரியப்பா மைலேஜ் கேக்கல, எத்தனை ஏர்பேக்னு கேக்கல. "ஏன்டா, ஐ.டி.ல இருந்துக்கிட்டு இந்தக் கம்பெனி வண்டியா?" அவ்வளவுதான் கேட்டார். அன்னிக்கு ராத்திரி 15 லட்ச ரூபாய் வண்டிக்கு இ.எம்.ஐ. கால்குலேட்டரைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு கார் பேருக்கு இந்த கெத்து எங்கிருந்து வருது? பதில் தேடணும்னா அம்பாசடர்ல இருந்து ஆரம்பிக்கணும்.

1950களின் கடைசியில ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரைக் கொண்டுவந்தது. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் தயாரானது. டிசைன் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரோடது. அதுக்கப்புறம் பல வருஷம் வெளித்தோற்றம் பெருசா மாறவே இல்ல. ஆனாலும் மந்திரி, கலெக்டர், நீதிபதி எல்லாரும் அதுலதான் வந்தாங்க. வெள்ளை அம்பாசடர் தெருவுக்குள்ள நுழைஞ்சா, ஏதோ அரசாங்க விஷயம்னு ஜனங்க ஒதுங்கி நின்னாங்க.

வேற கார் இல்லையா? இருந்தது. பம்பாயில் தயாரான ஃபியட், அதுதான் பின்னாடி பத்மினி ஆனது. நம்ம மெட்ராஸ்லயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். பெரும்பாலும் இந்த மூணுதான் சாய்ஸ். எவ்வளவு கார் தயாரிக்கலாம்னு லைசென்ஸ் மூலமா அரசாங்கம் முடிவு பண்ணின காலம். இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு. பணம் கட்டிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். அதனால அன்னிக்கு எந்தக் கார் வெச்சிருந்தாலும் அந்தஸ்துதான். பிராண்டு அப்புறம்.

1983 டிசம்பர் 14. டெல்லியில் முதல் மாருதி 800 சாவியை, குலுக்கலில் தேர்வான ஹர்பால் சிங் கையில் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். விலை சுமார் 47,500 ரூபாய். சுஸுகியோட தொழில்நுட்பம், 796 சிசி எஞ்சின், சின்ன உடம்பு. கவர்மென்ட் வேலைல இருக்கிறவங்களும் டாக்டர்களும் சொந்தமா ஓட்டக்கூடிய வண்டி. கார் வெச்சிருந்தாலே பெரிய ஆளுன்னு சொன்ன காலம் அங்கதான் கரைய ஆரம்பிச்சது.

1991க்கு அப்புறம் கதவு திறந்தது. வெளிநாட்டு கம்பெனிகள் வரிசையா வந்தாங்க. தெருவுல கார் கூடக்கூட, கேள்வி "கார் இருக்கா?"ல இருந்து "என்ன கார்?"னு மாறிப்போச்சு. அம்பாசடர் டாக்ஸி ஸ்டாண்டுல அதிகமா தெரிய ஆரம்பிச்சது. 2000களின் தொடக்கத்துல, வாஜ்பாய் காலத்தில், பிரதமரே அதை விட்டுட்டு பி.எம்.டபிள்யூவுக்கு மாறினார். பாதுகாப்புதான் காரணம். ஆனா பார்க்கிறவங்க கண்ணுல பதவி வேற லோகோவுக்கு இடம் மாறிடுச்சு.

இந்தக் கதையில எனக்கு ரொம்ப வலிக்கிற இடம் டாடா நானோ. ஸ்கூட்டர்ல நெருக்கிக்கிட்டுப் போற குடும்பத்தைப் பார்த்துதான் இந்த யோசனை வந்ததுன்னு ரத்தன் டாடா சொன்னார். 2009ல ஒரு லட்ச ரூபாய் காரா விற்பனைக்கு வந்தது. அதுல ஒரு உண்மையான தேவை இருந்தது. ஆனா "உலகத்திலேயே மலிவான கார்"ங்கிற பேர் ஒட்டிக்கிச்சு. மழையில நனையாம குடும்பத்தைக் கூட்டிட்டுப் போகணும்னு நினைக்கிற அப்பா, "மலிவானதைத்தான் வாங்கினான்"னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றதைக் கேட்க விரும்பல. அப்படி முத்திரை விழுந்தது தப்புன்னு பின்னாடி டாடாவே ஒத்துக்கிட்டார். 2018ல தயாரிப்பு நின்னுபோச்சு. வேற காரணங்களும் இருந்தன: சில வண்டிகள் தீப்பிடிச்ச செய்திகள், தொழிற்சாலையை வங்காளத்திலிருந்து குஜராத்துக்கு மாத்தினதால ஆன தாமதம். ஆனாலும் அந்தப் பேர் பண்ணின சேதம் கொஞ்சமில்ல.

மாருதி 800ம் அம்பாசடரும் 2014லதான் விடைபெற்றன, ஒண்ணு ஜனவரியில, இன்னொண்ணு மே மாசம். மூணு வருஷம் கழிச்சு "அம்பாசடர்"ங்கிற பேரை மட்டும் ஃபிரான்ஸின் பேஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிச்சு. வண்டி போச்சு, பேருக்கு மட்டும் 80 கோடி!

ஆக, பெரியப்பா கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்ல. கார் கிடைக்கிறதே வரமா இருந்த காலத்துல வளர்ந்தவர் அவர். வண்டியைப் பார்த்து ஆளை எடை போட அந்தக் காலம்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. லோகோ மதிப்புள்ளதுதான், பார்க்கிறவங்க நம்புற வரைக்கும். அந்த நம்பிக்கை எவ்வளவு சீக்கிரம் இடம் மாறும்னு அம்பாசடரே சாட்சி.

நானும் கணக்கு போட்டேன். 9 சதவீத வட்டி, 5 வருஷம். 8 லட்சம் கடனுக்கு மாசம் சுமார் 16,600. 15 லட்சத்துக்கு சுமார் 31,100. வித்தியாசம் மாசம் 14,500. அம்மாவோட மருந்துச் செலவும் தங்கச்சி காலேஜ் ஃபீஸும் அதுலதான் வரணும். 8 லட்சம் வண்டியைத்தான் புக் பண்ணினேன்.

தைரியசாலின்னு நினைச்சுடாதீங்க. அடுத்த மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணம். வண்டியை மண்டப வாசல்ல நிறுத்தறதா, பின்னாடி சந்துலயான்னு மனசு இப்பவே யோசிக்குது.

உங்க வீட்ல முதல் கார் எது, அதுக்கு எவ்வளவு நாள் காத்திருந்தாங்கன்னு இன்னிக்கு ராத்திரி கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.