ஓய்வுக்குப் பின் டியூட்டிக்கு வந்த எஞ்சின்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ரயில் நிலையம் என்றால் 'லா கார்'. அங்கே தினமும் பார்த்த நீராவி எஞ்சினைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட, இன்று அபிராமபுரத்திலிருந்து ஐ.சி.எஃப். ரயில் மியூசியத்துக்குப் போக வேண்டும். ஆனால், நிற்கிற எஞ்சின் வேறு, ஓடுகிற எஞ்சின் வேறு.

இ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சினைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்தது. 1909-ல் ரிடையர் ஆகி, ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப்பொருளாக நின்றது. 101 வருஷம் கழித்து, 2010-ல் மறுபடி டியூட்டியில் சேர்ந்தது! துருப்பிடித்துப் பல பாகங்கள் இல்லாமல் கிடந்ததை ஓட வைத்தவர்கள் நம் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள். பின்னாளில் எழும்பூர்–கோடம்பாக்கம் பாதையிலும் அது ஓடியது.

பிரிட்டனில் 1951-லேயே, வேல்ஸ் பகுதியின் டாலிலின் ரயில்பாதையைத் தன்னார்வலர்கள் ஏற்று நடத்தினார்கள். உலகிலேயே அதுதான் முதல். இன்று அங்கே இத்தகைய ரயில்பாதைகளுக்கும் மியூசியங்களுக்கும் பொதுவாக, பாரம்பரிய ரயில்வே சங்கம் என்றே ஒன்று இருக்கிறது. ஒருவர் கற்றது மற்றவருக்கும் போய்ச் சேருகிறது.

நம் நாட்டிலும் 1999-ல் இந்திய நீராவி ரயில்வே சங்கம் தொடங்கினார்கள். ஆனால் நீராவிக் காலத்து டிரைவர்களும் ஃபிட்டர்களும் இப்போது என்னைப் போலப் பென்ஷன்காரர்கள். எஞ்சினை மியூசியத்தில் வைக்கலாம். அவர்கள் கைப்பக்குவத்தை வைக்க முடியுமா? அவர்கள் இருக்கும்போதே இளையவர்கள் கற்றுக்கொண்டால்தான் உண்டு.