பாடைக்குப் பின்னால் நெருக்கும் கூட்டம்

போன வாரம் வலங்கைமானில் பிறந்த வெள்ளிநாக்கு சீனிவாச சாஸ்திரியைப் பார்த்தோம். இந்த வாரமும் அதே ஊர்தான். ஆனால் போகப்போவது கொஞ்சம் தூரம்: சுமார் 25 கோடி ஒளியாண்டு.

பங்குனியில் மகாமாரியம்மனுக்குப் பாடைக்காவடி. சாகக் கிடந்து பிழைத்தவர்கள் பாடையில் படுத்து வருவார்கள். எதிரே நிற்பவர்கள் விலகி வழிவிடுவார்கள். பாடை தாண்டியதும் பின்னால் கூட்டம் நெருக்கிக்கொள்ளும்.

1943-ல் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் போட்ட கணக்கு ஏறக்குறைய இதுதான். பிறந்தது லாகூரில் என்றாலும் பூர்வீகம் நம் தஞ்சைச் சீமை. நட்சத்திரக் கூட்டத்துக்குள் கனமான ஒன்று நகர்ந்தால், அதன் ஈர்ப்பில் மற்றவை முதுகுப்பக்கம் திரண்டு அதையே பின்னுக்கு இழுக்கும். உரசாமலே உராய்வு! கனம் கூடினால் இழுப்பும் கூடும். தலைதெறிக்க ஓடுவதை மட்டும் அவ்வளவாகப் பிடிக்காது. திரளுவதற்குள் அது போய்விடும்.

அவரிடம் ஆய்வு செய்த ஜெரமையா ஆஸ்ட்ரைக்கர், ஸ்காட் ட்ரெமைனோடு சேர்ந்து 1975-ல் இந்தக் கணக்கை கேலக்ஸிகளுக்குப் போட்டுப் பார்த்தார். கேலக்ஸிக் கொத்தின் நடுவே ஒரே ஒரு நீள்வட்ட கேலக்ஸி மட்டும் ஊதிப் பெருப்பது எப்படி? வேகமிழந்த அண்டைவீட்டு கேலக்ஸிகள் நடுவுக்குச் சரிந்து அதன் வயிற்றில் போய்ச் சேர்கின்றன.

முதலில் சொன்ன 25 கோடி ஒளியாண்டு தூரத்தில், பெர்சியஸ் கொத்தின் நடுவிலுள்ள என்.ஜி.சி. 1275 அப்படியொரு பெருந்தீனிக்காரன். தஞ்சையில் துளஜா மன்னர் ஆண்டுகொண்டிருந்த 1786-ல், இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் கண்ணில் மங்கலான புகைபோலப் பட்டது. இன்றைக்கும் ஒரு சிறிய கேலக்ஸி நொடிக்கு 3,000 கிலோமீட்டர் வேகத்தில் அதை நோக்கி விழுந்துகொண்டிருக்கிறது.

சந்திரசேகர் பெயரைத் தாங்கி 1999 ஜூலையில் விண்ணுக்குப் போன சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி அந்தப் பக்கம் திரும்பியபோது, கோடிக்கணக்கான டிகிரி கொதிக்கும் வாயுவில் வளையம் வளையமாக அலைகள் தெரிந்தன. குளத்தில் கல் விழுந்த மாதிரி. நடுவிலிருக்கும் கருந்துளை ஊதிவிடும் குமிழ்கள் எழுப்பிய ஒலியலைகள் அவை. 2003-ல் கேம்பிரிட்ஜ் குழுவொன்று சுருதியும் பார்த்துச் சொன்னது: பியானோவின் நடு ஸ்தாயிக்கு 57 ஸ்தாயி கீழே. ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய ஒரு கோடி வருஷம்.

இந்தச் சுருதியைக் கேட்கச் சந்திரசேகரும் இல்லை, மிருதங்கத்தின் நாதத்தை ஆராய்ந்த அவர் சித்தப்பா சி.வி. ராமனும் இல்லை. ராமன் 1970-லேயே போய்விட்டார். சந்திரசேகர் 1995-ல்.