சீதனம் கொடுத்த பள்ளிக்கூடம்

இன்றைக்கு லப்பைக்குடிக்காட்டில் இருந்து ஒரு பெண் திருச்சிக்குப் படிக்கப் போகிறாள் என்றால், வீட்டில் முதலில் எழும் கேள்வி ஹாஸ்டல் ஃபீஸ் எவ்வளவு என்பதுதான். இருநூறு வருடங்களுக்கு முன்னால் யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்தது. பெண்ணைக் கொண்டுவந்து விட்டால் போதும்; சோறு, துணி, படிப்பு எல்லாம் இலவசம். படிப்பு முடிந்து கல்யாணம் ஆகும்போது சீதனமும் பள்ளிக்கூடமே கொடுக்கும்! அப்படியிருந்தும் ஆரம்பத்தில் பிள்ளைகள் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது.

அந்தப் பள்ளி உடுவில் என்ற கிராமத்தில் 1824ல் தொடங்கியது. தொடங்கியவர் ஹாரியட் வின்ஸ்லோ என்ற அமெரிக்க மிஷனரிப் பெண்மணி. 1862ல் வெளிவந்த பெரிய தமிழ் - ஆங்கில அகராதியால் அவருடைய கணவர் மிரன் வின்ஸ்லோவின் பெயர் பலருக்குத் தெரியும். மனைவியின் பெயர்தான் அவ்வளவாகத் தெரியாது.

பெண் எழுத்துப் படித்தால் தேவதாசி என்று ஊர் பேசிய காலம் அது. முதல் பிள்ளை வந்த கதையை இப்படிச் சொல்வார்கள். தையல் பழக வந்த இரண்டு சிறுமிகள் மழையில் மாட்டிக்கொண்டு மிஷன் வீட்டிலேயே தங்கும்படி ஆனது. பசி தாங்காமல் சின்னவள் அங்கே கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டாள். பெரியவள் தொடவில்லை. தேடி வந்த பெற்றோருக்கு ஆத்திரம். சாதி கெட்டுப்போன பெண்ணை இனி யார் கட்டுவார்கள், நீங்களே வைத்து வளர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டில் அந்தக் குழந்தைக்கு வீடே இல்லாமல் போனது, பாருங்கள்!

அதனால்தான் சீதனம் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் சீதனம் இல்லாமல் பெண்ணுக்குக் கல்யாணம் கிடையாது. படிப்பு முடிவதற்குள் பாதியில் கூட்டிப்போய்க் கட்டிக்கொடுக்கக் கூடாது என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பதிலாகத்தான் இந்த ஏற்பாடு. வியாபார ஒப்பந்தம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இது இல்லாவிட்டால் பத்து வயதிலேயே பல பெண்களின் படிப்பு நின்றுபோயிருக்கும்.

வாழ்க்கை முறை பெரும்பாலும் ஊர் வழக்கப்படிதான். தரையில் உட்கார்ந்து கையால் சோறும் கறியும் சாப்பிட்டார்கள், பாயில் படுத்தார்கள். தமிழ் வாசிப்பு, கணக்கு, பூகோளம், தையல், வீட்டு வேலை, இவற்றோடு காலையும் மாலையும் ஜெபம், வேதாகமம். செலவை ஏற்றவர்கள் அமெரிக்காவில் இருந்த நன்கொடையாளர்கள். பணம் கொடுத்தவர் விரும்பும் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அந்த மிஷனின் வழக்கம். இதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. தாய் தகப்பன் வைத்த பெயர் போய், எங்கோ இருக்கும் யாரோ ஒருவரின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

அமெரிக்கப் பணத்தை நம்பியிருந்ததன் ஆபத்து 1837ல் தெரிந்தது. அங்கே வங்கிகள் சரிந்ததும் மிஷனுக்கு வரும் தொகை குறைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மிஷன் நடத்திய இலவசப் பள்ளிகள் பல மூடப்பட்டு ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நியூயார்க்கில் வங்கி முடங்கினால் வலிகாமத்தில் ஒரு பிள்ளையின் ஏடு மூடப்படுகிறது!

உடுவில் பள்ளி தாக்குப்பிடித்தது. 1840ல் எலைசா ஆக்னியு வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1883ல் மானிப்பாயில் இறக்கும் வரை ஒருமுறைகூட சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. ஏறக்குறைய நாற்பது வருடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தார்கள். தாயைப் படிக்க வைத்தவரே பின்னால் மகளையும் படிக்க வைத்தார்.

காலப்போக்கில் சீதனம் கொடுப்பது நின்றது. ஃபீஸ் கட்டும் பழக்கம் வந்தது. ஒரு காலத்தில் சீதனம் தந்தும் பெண்களை அனுப்பத் தயங்கிய சமூகத்துக்காக, பொன்னம்பலம் இராமநாதன் 1913ல் சைவப் பெண்களுக்கென்றே விடுதியோடு ஒரு கல்லூரி தொடங்கினார். அவர் அதற்குத் தேர்ந்தெடுத்த இடம் மருதனார்மடம். உடுவிலுக்குப் பக்கத்தில்தான்.