அணைகளும் அபாயக் கணக்கும்

1964-ஆம் ஆண்டில், மண்ணியல் பொறியியலுக்குத் தந்தையென்று போற்றப்படும் கார்ல் டெர்சாகியின் பெயரால் அமெரிக்காவில் அமைந்த சொற்பொழிவை நிகழ்த்த ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் காசக்ராண்டே எழுந்தபோது, அவர் எடுத்துக்கொண்ட விஷயம் அணை கட்டுவோர் பலரும் பகிரங்கமாகப் பேசத் தயங்கிய ஒன்றாக இருந்தது. மண்ணாலும் பாறையாலும் ஆன எந்த நிர்மாணத்திலும் அபாயம் உள்ளுறைந்தே இருக்கிறது என்றும், குறைபட்ட அறிவை அனுபவத்தாலும் விவேகத்தாலும் நிரப்பிக்கொண்டுதான் பொறியியலாளன் தன் கணக்குகளைப் போடுகிறான் என்றும், காவலுக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை, அந்த நிர்மாணம் சிதைந்தால் விளையக்கூடிய நஷ்டத்தின் அளவையும் மனத்தில் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்றும் அவர் வாதித்தார். இன்று உலகெங்கும் அணைப் பாதுகாப்புத் துறையினர் கையாளும் அபாய மதிப்பீட்டின் வித்து அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. ஆனால் அது முளைவிடுவதற்குப் பெரியதொரு துக்கம் நேர வேண்டியிருந்தது.

அமெரிக்க மேற்குப் பிரதேசத்தின் வறண்ட நிலங்களுக்கு நீர் கொண்டுவரும் பொருட்டு 1902-இல் தோன்றிய பியூரோ ஆஃப் ரெக்ளமேஷன் என்ற மத்திய அரசுப் பணியகம், ஹூவர் அணையையும் கிராண்ட் கூலி அணையையும் எழுப்பிப் பெரும் புகழ் பெற்றிருந்தது. அதன் அணை ஒன்று உடையும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எச்சரிக்கை இல்லாமலும் போகவில்லை. 1965-இல் வயோமிங்கில் ஃபோன்டனெல் என்ற மண் அணையில் நீர் கரையைத் துளைத்துக்கொண்டு கிளம்பி, மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. அகன்ற மதகுகள் இருந்தமையால் நீர்மட்டத்தை விரைந்து இறக்கி அதைக் காப்பாற்றினார்கள். அந்த அனுபவத்தின் பாடம் அடுத்த அணையின் வரைபடத்திற்குள் முழுமையாகப் போய்ச் சேரவில்லை என்பதே இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் வருத்தும் பகுதி.

அந்த அடுத்த அணைதான் ஐடஹோ மாகாணத்தின் டீட்டன் நதியின் குறுக்கே எழுந்தது. ஆற்றுப்படுகையிலிருந்து 305 அடி உயரம். வயிற்றுப்பகுதி முழுவதும் காற்று அடித்துக்கொண்டு வந்து சேர்த்த நுண்மண். இருபுறமும் வெடிப்பு மிகுந்த எரிமலைப் பாறை. பாறையில் ஆழமாகவும் குறுகலாகவும் அகழி வெட்டி, அதில் அந்த நுண்மண்ணையே இட்டு நிரப்பி, கீழே சிமெண்டுக் குழம்பைச் செலுத்தித் திரையிட்டு, அவ்விரண்டும் கசிவைத் தடுத்துவிடும் என்று நம்பினார்கள். நம்பிக்கை பொய்த்தால் மண்ணைப் பிடித்து நிறுத்தி நீரை மட்டும் விடக்கூடிய மணற்படுகை அந்த இடத்தில் இல்லை. 1975 அக்டோபரில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். மட்டம் நாளொன்றுக்கு ஓரடிக்கு மேல் ஏறலாகாது என்ற வரம்பு, வசந்தத்தில் பனி உருகிப் பெருகியபோது தளர்த்தப்பட்டது. பிரதான மதகு வேலை முடியாதிருந்ததால், வந்த வெள்ளத்தை வேண்டியபடி வெளியேற்ற வழியும் இல்லாமற்போயிற்று.

1976 ஜூன் 3-ஆம் தேதி அணைக்குக் கீழே சிறு ஊற்றுகள் தெளிந்த நீராகக் கிளம்பின. 5-ஆம் தேதி, சனிக்கிழமை காலையில், கலங்கல் நீர் தென்பட்டது. பத்தரை மணி அளவில் கரையின் முகத்திலேயே துவாரம் விழுந்து பெருகிற்று. அதை மண்ணால் அடைக்கப் போன இரண்டு புல்டோசர்கள் அதற்குள்ளேயே விழுந்தன. ஓட்டியவர்கள் உயிர் தப்பினார்கள். மேற்புறத்தில் நீர்ச்சுழல் தோன்றியது. நண்பகலுக்குச் சற்று முன்பாக அணையின் உச்சி சரிந்து, ஏறத்தாழ 2,50,000 ஏக்கர்-அடி நீர் பள்ளத்தாக்கின் மேல் பாய்ந்தது. வில்ஃபர்டு, சுகர் சிட்டி என்ற ஊர்கள் அழிந்தன, ரெக்ஸ்பர்க் பெருஞ்சேதம் அடைந்தது, இறந்தவர்கள் பதினொருவர்.

காரணத்தை ஆராயப் பொறியியலாளர் வாலஸ் சாட்விக்கின் தலைமையில் நியமிக்கப்பட்ட சுயேச்சைக் குழுவில் காசக்ராண்டேயும் ஓர் அங்கத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு டிசம்பரிலேயே குழு தன் அறிக்கையைத் தந்தது. வலக்கரை அகழியில் நீர் மண்ணை உள்ளுக்குள்ளே அரித்துக் குழாய் போல் வழி செய்துகொண்டது என்று கண்டதோடு, அகழி மண்ணையும் சிமெண்டுத் திரையையும் மாத்திரமே சார்ந்து, அவை தவறினால் இரண்டாவது காவல் ஒன்றும் வைக்காமல் விட்ட திட்டத்தையே அது குறை கூறிற்று.

மறு ஆண்டு நவம்பரில் ஜார்ஜியாவில் இன்னொன்று நிகழ்ந்தது. கெல்லி பார்ன்ஸ் என்ற அணை உயரத்தில் நாற்பது அடி அளவே ஆயினும், நள்ளிரவு கடந்து உடைந்து, கீழே கல்லூரி வளாகத்தில் உறங்கிக்கொண்டிருந்தோரில் முப்பத்தொன்பது பேரின் உயிரைக் கொண்டுபோயிற்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு விஷயம் புலனாகும். மிகப் பெரிய வெள்ளத்தில் பதினொருவரும், அதற்கு நூற்றில் ஒரு பங்குகூட ஆகாத வெள்ளத்தில் முப்பத்தொன்பது பேரும் மாண்டதன் காரணம் நீரின் அளவன்று. டீட்டனில் பகல்வேளையும் ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட முன்னறிவிப்பும் இருந்தன, ஜார்ஜியாவில் இரவும் உறக்கமுமே இருந்தன. பிற்காலத்தில் அதே பணியகத்தின் வேய்ன் கிரஹாம் என்ற பொறியியலாளர் பழைய அணை உடைப்புகளையெல்லாம் தொகுத்து, வெள்ளத்தின் உக்கிரம், முன்னறிவிப்பின் கால அளவு, மக்கள் ஆபத்தை உணர்ந்த விதம் ஆகிய மூன்றையும் கொண்டு பிராணச்சேதத்தை மதிப்பிடும் முறையை 1999-இல் வகுத்தார். அணைப் பாதுகாப்பு, கரையின் பலத்தைப் பற்றிய ஆராய்ச்சியாக இருந்த நிலை மாறி, கரைக்குக் கீழே வாழும் மனிதர்களைப் பற்றியதாகவும் விரிந்தது இப்படித்தான்.

டீட்டனுக்குப் பின் ஜனாதிபதி கார்ட்டர் மத்திய அரசின் அணைகளையெல்லாம் பரிசீலிக்க உத்தரவிட்டார். 1978-இல் காங்கிரஸ் அணைப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றிப் பத்துக் கோடி டாலர் ஒதுக்கிற்று. தொடக்கத்தில் அளவுகோல் கடுமையாக இருந்தது: கற்பனைக்கு எட்டிய அதிகபட்ச வெள்ளத்தையும் பூகம்பத்தையும் எந்த அணையும் தாங்கியாக வேண்டும். ஆனால் வானிலை அறிவு வளர வளர அந்த அதிகபட்ச வெள்ளம் மேலும் மேலும் பெருகிக்கொண்டே போனதால், நேற்றுவரை தக்கதென்று கருதப்பட்ட அணைகள் பல இன்று தகாதவையாயின. அனைத்தையும் திருத்தப் பணம் இல்லை. 1984-இல் மேலும் அறுபத்தைந்து கோடி டாலர் ஒதுக்கியும் போதவில்லை. அப்போதுதான் ‘எந்த அணை முதலில்?’ என்ற கேள்வி தவிர்க்க முடியாததாயிற்று. அந்தக் கேள்விக்கு நியாயமான விடை இல்லாத இடத்தில், உரத்த குரலுடையவர்களின் அணையோ செல்வாக்குள்ள தொகுதியின் அணையோ முன்வரிசையில் வந்து நிற்கும்.

விடையின் வடிவம் அணைத் துறைக்கு வெளியிலிருந்தும் வந்தது. அணுமின் நிலைய விபத்துகளை நிகழ்தகவால் அளக்கும் வழக்கம் 1960-களிலும் 70-களிலும் வேரூன்றியிருந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ராபர்ட் விட்மன், 1984-இல் வெளியிட்ட தம் டெர்சாகி சொற்பொழிவில், அணைகள், சுரங்கச் சரிவுகள், கடல் எண்ணெய் மேடைகள் முதலியவற்றை ஒரே வரைபடத்தில் இட்டு, ஆண்டுதோறும் சிதைவு நேரும் வாய்ப்பு ஒருபுறமும் அதன் விளைவு மறுபுறமுமாகக் காட்டினார்.

கணக்கு இதுதான். ஓர் அணை ஓராண்டில் உடையும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று, உடைந்தால் இருவர் மாள்வர் எனக் கொண்டால், ஆண்டொன்றுக்கு எதிர்பார்க்கும் உயிர்ச்சேதம் 0.002; மற்றோர் அணை உடையும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றே ஆயினும் கீழே ஐந்நூறு பேர் மாள்வர் என்றால் அது 0.05. பார்வைக்கு உறுதியான இரண்டாவது அணையே முதலில் பணம் பெறத் தக்கது. பியூரோ ஆஃப் ரெக்ளமேஷன் 1997-இல் வகுத்து 2003-இல் திருத்திய நெறிமுறையில், இந்த மதிப்பு 0.01-ஐத் தாண்டினால் உடனடி நடவடிக்கைக்கும், 0.001-க்கும் 0.01-க்கும் இடையில் இருந்தால் சற்று நிதானமான நடவடிக்கைக்கும் நியாயம் உண்டென்றும், உயிர்ச்சேதம் எவ்வளவாயினும் உடையும் வாய்ப்பு ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேற்படக் கூடாதென்றும் கண்டார்கள்.

அந்தப் பத்தாயிரத்தில் ஒன்றை எவ்வாறு அறிவது? உடைந்த மண் அணைகளில் ஏறத்தாழப் பாதி கரை மீது நீர் வழிந்தும், ஏறத்தாழப் பாதி உள்ளரிப்பாலும் உடைந்தன என்பதுபோன்ற பொது உண்மைகள் மட்டும் போதா. ஆகவே பொறியியலாளரும் புவியியலாளரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, கட்டுமான காலத்துப் புகைப்படங்களையும் பழைய வரைபடங்களையும் விரித்து வைத்துக்கொண்டு, இந்த அணை எவ்விதம் உடையக்கூடும் என்பதைப் படிப்படியாகச் சொல்லிப் பார்க்கிறார்கள்: நீர் இந்த மட்டத்துக்கு வருமா, வெடிப்பு இருக்குமா, மண் அரிக்கத் தொடங்குமா, தடுக்கும் மணற்படுகை உண்டா, துவாரத்தின் கூரை இடியாமல் நிற்குமா, காவலர் கண்ணில் படுமா, பட்டாலும் தடுக்க நேரம் இருக்குமா என்று. ஒவ்வொரு படிக்கும் சாதகமும் பாதகமும் எழுதி, ஓர் எண் கொடுத்துப் பெருக்குகிறார்கள். இதைக் கற்பனைக் கணக்கென்று இகழ்வோர் உண்டு. எனக்கு அவ்விதம் தோன்றவில்லை. எண் கொடுக்காதவரும் மனத்துக்குள் ஓர் எண்ணை வைத்துக்கொண்டே தீர்மானிக்கிறார். அவருடைய எண் பிறர் பார்வைக்கு வராது என்பதே வித்தியாசம். மனித உயிரை எண்ணாகச் சுருக்குவது கல்நெஞ்சம் என்ற ஆட்சேபத்தையும் நான் ஏற்கவில்லை. கீழே எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று எண்ணிப் பாராத காலமே அவர்களுக்குக் கருணையற்ற காலமாக இருந்தது.

அமெரிக்க இராணுவப் பொறியியல் படையும் 2005 முதல் தன் எழுநூறு அளவிலான அணைகளை இவ்விதம் சலித்து ஐந்து வகையாகப் பிரித்தது. கென்டக்கியில், நாஷ்வில் நகருக்கு மேற்புறத்தில், குகைகள் மலிந்த சுண்ணாம்புப் பாறையின் மேல் நின்ற வுல்ஃப் கிரீக் அணை முதல் வகையில் விழுந்தது. நிதி வரும்வரை காத்திராமல் 2007 ஜனவரியில் நீர்மட்டத்தை இறக்கினார்கள். ஏறத்தாழ அறுபது கோடி டாலர் செலவில் பாறைக்குள் எழுப்பிய புதிய சுவர் 2013-இல் முடிந்தது.

முறையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மேசையில் அமர்ந்தோர் நினைத்துப் பாராத வழியில் அணைக்கு ஆபத்து வந்தால் கணக்கு மௌனமாகிவிடும். 2017 பிப்ரவரியில், அமெரிக்காவிலேயே உயரமான கலிபோர்னியாவின் ஓரோவில் அணையில், மிகுநீர் செல்லும் கான்கிரீட் கலிங்கின் தளம் பிய்ந்து, அதுவரை நீர் பாயாத அவசரக் கலிங்கின் சரிவும் அரிக்கத் தொடங்க, 1,88,000 மக்களை வெளியேற்ற நேர்ந்தது. முந்திய பரிசீலனைகள் அந்தத் தளம் பெயர்ந்து போகும் அபாயத்தை உரியபடி உணரத் தவறின என்றும், அடியிலிருந்த சிதைந்த பாறையைப் பற்றிய கட்டுமான காலத்துக் குறிப்புகள் ஆவணங்களில் இருந்தும் அவற்றுக்கு உரிய கவனம் கிட்டவில்லை என்றும் 2018 ஜனவரியில் வெளியான சுயேச்சைக் குழுவின் அறிக்கை காட்டிற்று. அதன் பின்னர் மத்திய எரிசக்தி ஒழுங்காற்று ஆணையம் தன் விதிகளை மாற்றியது; 2022 முதல், அதன் ஆளுகைக்குட்பட்ட முக்கிய அணைகள் பத்தாண்டுக்கு ஒருமுறை விரிவான சோதனைக்கு உட்பட வேண்டும். அந்தச் சோதனையில் அபாய மதிப்பீடும் சேர்ந்தது. முந்தியவர்களின் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அணை கட்டிய காலத்துக் காகிதங்கள் வரை மறுபடியும் புரட்டிப் படிப்பதும் சேர்ந்தது.